நெருப்பின் மேல் நெருப்பை எறிந்தால்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்குப் பேச்சு ஃபைனல் ஃபேண்டஸி 16 என்ற வீடியோ கேம் பற்றி. ஃபீனிக்ஸ் என்ற பெயர் நடுநடுவே வரும். டர்பனுக்கு வடக்கே காந்தி 1904இல் குடியிருப்பு அமைத்த ஃபீனிக்ஸ் அல்ல. ஆட்டத்தில் வரும் நெருப்புப் பறவை. அங்கே இருக்கும் உறவுக்காரர்கள் யாரும் பதற வேண்டாம்.

1987 டிசம்பரில் ஜப்பானில் தொடங்கிய வரிசை இது. எண் மாறினால் உலகமும் ஆட்களும் மாறிவிடுவார்கள். அதனால் முந்தைய பதினைந்தைத் தொட்டே பார்க்காதவரும் இதில் இறங்கலாம். 2023 ஜூனில் பிளேஸ்டேஷன் 5க்கு வந்தது, மறு வருடம் கணினிக்கும் வந்தது. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய. சின்னப் பிள்ளைகள் கூடத்தில் இருக்கும்போது போடாதீர்கள்.

ஆரம்பகால ஆட்டங்களில் முறை வைத்து அடிப்பார்கள். நீங்கள் ஒரு அடி, எதிரி ஒரு அடி; நடுவில் தேநீர் குடித்துக்கொண்டே யோசிக்கலாம். 16இல் அந்தப் பேச்சே இல்லை. கேப்காம் நிறுவனத்தில் டெவில் மே க்ரை 5 என்ற அதிரடிச் சண்டை ஆட்டத்தில் வேலை பார்த்த ரியோட்டா சுசுகிதான் சண்டைப் பகுதியைக் கவனித்தவர். கையில் எடுத்த ஐந்தாவது நிமிடத்திலேயே அது தெரிந்துவிடுகிறது. சதுரப் பொத்தான் வாள், முக்கோணம் மந்திரம். வாள் விழுந்த அந்தக் கணத்தில் முக்கோணத்தைத் தட்டினால் கூடுதலாக ஒரு வெடிப்பு கிடைக்கும். முந்தினாலும் பிந்தினாலும் கிடைக்காது. இரண்டு பொத்தானையும் படபடவென்று அடிப்பவருக்கு வரவே வராது. தவில்காரர் கையைப்போல அளவாக விழவேண்டும்.

சண்டையின் உயிர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. பெரிய எதிரிகளுக்கு உயிர்க்கோட்டின் அடியில் மஞ்சளாக இன்னொரு கோடு ஓடும். அது அவனுடைய உறுதி. பாதி கரைந்தால் ஒரு கணம் தடுமாறுவான். முழுதும் கரைந்தால் சில நொடிகள் திணறிக் கிடப்பான். அந்த நேரத்தில் நீங்கள் அடிக்க அடிக்க சேதம் பெருகி, ஒன்றரை மடங்குவரை போகும். புதிதாக ஆடுபவர்கள் தவறுவது இங்கேதான். கையில் இருக்கும் பெரிய சக்திகளை எல்லாம் சண்டை தொடங்கியதுமே கொட்டிவிடுவார்கள். ஒவ்வொரு சக்தியும் ஒருமுறை விட்டால் ஆறுவதற்கு நேரம் எடுக்கும். எதிரி விழும்போது பார்த்தால் ஒன்றும் தயாராக இருக்காது. வெறும் வாளோடு சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். காற்றுச் சக்தி தரும் கருடாவின் கௌஜ் போன்ற, பல அடி விழும் சக்தியால் முதலில் உறுதியைக் கரையுங்கள். விழுந்ததும் சின்னச் சின்ன அடிகளால் பெருக்கத்தை ஏற்றுங்கள். அதன் பிறகு பெரியதை இறக்குங்கள். வரிசை மாறினால் அதே சக்திக்குப் பலன் குறைந்துவிடும். எது உங்களுக்குச் சரிப்படவில்லையோ அதற்குச் செலவழித்த புள்ளிகளை முழுதாகத் திருப்பி வாங்கலாம், ஒரு காசு பிடித்தம் இல்லை. ஆகவே துணிந்து மாற்றிப் பாருங்கள்.

இத்தனையும் பலம். இனி என் பழைய புலம்பல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் பாம் என்று ஒரு ஜந்து உண்டு. எரியும் உருண்டை, கண்ணும் வாயும் வைத்தது. அதன் மேல் நெருப்பு மந்திரத்தை எறியக்கூடாது, பனியை எறியவேண்டும் என்பது இந்த வரிசையை ஆடிய சின்னப் பையனுக்கும் தெரிந்த பாடம். 16இல் எரிகிற உருண்டையின் மேல் ஃபீனிக்ஸின் நெருப்பை எறியுங்கள். மற்ற எந்த எதிரிக்கும் படுகிற மாதிரியே படும். ஆட்டத்தில் வரும் பனிப் பெண்ணான சிவாவின் பனியை எறிந்தாலும் அதே கணக்கு. நெருப்பு, காற்று, இடி, மண் என்று இத்தனை சக்தி கொடுத்துவிட்டு, நெருப்பு சுடாது, பனி குளிராது என்றால் என்ன அர்த்தம்? விஷம் ஏறுவது, வாய் கட்டிப்போவது போன்ற பழைய உபத்திரவங்களும் கிடையாது. காரணம் விளங்காமல் இல்லை. எதிரிக்கு எதிரி சக்தியை மாற்றச் சொன்னால், உங்களுக்குப் பிடித்த சேர்க்கையை உடைக்கவேண்டி வரும், சண்டையின் ஓட்டமும் கெடும். சரி. ஆனால் சண்டைக்கு முன்னால் உட்கார்ந்து திட்டம் போடும் சுகம் அதோடு போய்விட்டது. வாள் வாங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். புது வாளில் இரண்டு எண் கூடியிருக்கும். கூடினால் மாட்டு, குறைந்தால் விடு. அதற்கு எதற்கு ஒரு கொல்லன், ஒரு பட்டறை?

கைவேகம் இல்லாதவர்களுக்கு மோதிரங்கள் இருக்கின்றன. ஒன்று தானாக விலகிக்கொள்ளும், ஒன்று அடி வருமுன் நேரத்தை மெதுவாக்கும், இன்னொன்று தானே மருந்து குடிக்கும். ஐந்து மோதிரம், மாட்ட மூன்றே இடம். விலகும் மோதிரத்தையும் சதுரத்தை மட்டும் தட்டினால் போதும் என்கிற மோதிரத்தையும் போட்டுக்கொண்டால் தாத்தாவும் ஆடலாம். ஆனால் சக்திகள் சீக்கிரம் ஆறுவதற்கான அணிகளுக்கு மிச்சம் ஒரே இடம்தான்.

நம் ஊருக்கு ஒரு தனிக் குறிப்பு. சண்டை நடுவே சேமிக்க முடியாது. மண் சக்தி கொண்ட ராட்சதன் டைட்டனோடு நடக்கும் சண்டை நீண்டுகொண்டே போகும், தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர் இறங்க மறுப்பதைப் போல. மின்வெட்டு அட்டவணை வந்திருந்தால், பெரிய சண்டை வரும் என்று தெரியும்போது முதலில் மெனுவில் சேமித்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.

கடிகாரம் பார்க்கச் சொல்கிறார்கள். கதை பற்றி ஒன்றுதான் சொல்ல முடியும். காட்சி ஓடும்போது டச்பேடை அழுத்திப் பிடித்தால், அந்தக் காட்சியில் பேசப்படும் ஆள், ஊர், சண்டை யார் எவர் என்று அட்டைகள் வரும். மூன்று வாரம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் தொலைந்துபோக மாட்டீர்கள். மசயோஷி சோகென் இசையமைத்ததைப் பற்றித் தனியாகவே பேசவேண்டும், இன்று முடியாது. பக்க வேலைகள் பாதி சலிப்பு, செடி பறித்துக் கொடு, சாப்பாடு கொண்டுபோய்க் கொடு ரகம். வரைபடத்தில் கூட்டல் குறி போட்ட வேலைகளை மட்டும் விடாதீர்கள். ஏறிப்போகும் சொக்கோபோ பறவையும், கூடுதல் மருந்துக்கு இடமும் அவற்றில்தான் கிடைக்கும். வணக்கம்.