லெவல் ஒன்றிலேயே இன்னொரு வருடமா?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் காருக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறேன். உள்ளே பாப்பாவுக்கு சியர், அதாவது சியர்லீடிங் பிராக்டிஸ், அம்மா அப்பாக்களை அந்தப் பக்கம் விடமாட்டார்கள், வெளியே டாலஸ் வெயில் மண்டையைப் பிளக்கிறது, அதனால் ஏசியைப் போட்டுக்கொண்டு உங்களோடு.

எங்கள் அத்தை போனில் கேட்டார், "ஐபிஎல்லில் சிக்ஸர் அடித்தால் ஆடுவாங்களே, அதுவா?" இல்லை அத்தை, இங்கே யாரையும் உற்சாகப்படுத்துவது இல்லை, இவர்கள்தான் போட்டியே. 54க்கு 42 அடி மெத்தை விரிப்பில், அதிகபட்சம் இரண்டரை நிமிடத்துக்குள் டம்ப்ளிங் (கரணம் அடிக்கிற வித்தைகள்), ஜம்ப், டான்ஸ், ஒருத்தியை மற்றவர்கள் சேர்ந்து தூக்குகிற ஸ்டண்ட், பிரமிடு எல்லாம் முடித்தாக வேண்டும்.

பாப்பா ஐந்து வயதில் சேர்ந்தபோது நாவிஸ் டீம், அதாவது புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கானது. அதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது, ஒவ்வொரு டீமுக்கும் ஒரு ரேட்டிங் மட்டும். ஜாலியாகத்தான் இருந்தது, ஆனால் சீசன் முடிகிற நேரத்தில் அவளே கேட்டாள்: "எல்லாருக்கும் அவுட்ஸ்டாண்டிங்னா அது என்னம்மா அவுட்ஸ்டாண்டிங்?"

சரி, போட்டி டீமுக்கு மாற்றினோம், லெவல் 1, அதாவது அங்கே முதல் படி. குட்டிக்கரணம், பக்கவாட்டில் சக்கரம் மாதிரிச் சுற்றுகிற கார்ட்வீல், ரவுண்ட்ஆஃப், பேக் வாக்கோவர் மாதிரி எளிய வித்தைகளுக்குத்தான் அனுமதி. பின்பக்கமாகத் தாவிக் கையை ஊன்றி எழுகிற பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் லெவல் 2-இல்தான் வரும். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். இந்த ஊரில் வருடா வருடம் என்சிஏ என்கிற பெரிய சியர் போட்டி நடக்கும், அங்கே பெரிய பிள்ளைகள் பறப்பதைப் பார்த்ததில் ஆசை வந்தது அவளுக்கு இல்லை, எனக்கு. போதாக்குறைக்கு அவள் தோழி லெவல் 2-க்குப் போய்விட்டாள். உடனே பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் கற்கத் தனி வகுப்பு போட்டேன், நம்ம ஊரில் டியூஷன் போடுகிற அதே புத்தி!

கோச் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் செய்வாள். கையை எடுத்தால் இரண்டு கையையும் தூக்கியபடி அப்படியே நிற்பாள், போகவே மாட்டாள். சியரில் இதை மென்டல் பிளாக், அதாவது மனத்தடை என்பார்கள், பெரிய பிள்ளைகளுக்கே வரும். அப்புறம் செவ்வாய்க்கிழமை வந்தால் வயிற்று வலி. வகுப்பு செவ்வாய்க்கிழமை என்று நான் சொல்லவே தேவையில்லை.

நிறுத்திவிட்டேன். இந்த வருடமும் லெவல் 1-தான். அதே லெவலில் இருந்தால் போரடிக்குமே என்று பயந்தேன், அப்படி ஆகவில்லை, ஏனென்றால் மதிப்பெண் என்ன செய்தாய் என்பதற்கு மட்டும் இல்லை, எவ்வளவு சுத்தமாகச் செய்தாய் என்பதற்கும் உண்டு. முட்டி மடங்கினால் போச்சு, தூக்குகிற எல்லாரும் ஒரே எண்ணிக்கையில் தூக்காவிட்டால் போச்சு. இப்போது அவள் பேஸ், அதாவது கீழே நின்று தாங்குகிறவள். சாதம் பிசைகிறபோதுகூட ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஒரே ஸ்டண்ட் ஏழு தடவை சரிந்ததாம், எட்டாவது தடவை நின்றதாம், அந்த ஏழையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் பற்றி நான் வாயே திறப்பதில்லை. அவளாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

இதோ வந்துவிட்டாள், தலை ரிப்பன் காது பக்கம் தொங்குகிறது... ஏய், பார்க்கிங்கில் கார்ட்வீல் போடாதேடி, கார் வருது! மக்களே, அப்புறம் பேசுகிறேன்.