ஏரிக்கரைப் புறம்போக்கில் பொதுத் தோட்டம் போடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய மகளிர் குழுவில் பாதிப் பேருக்கு நிலம் கிடையாது. வீட்டைச் சுற்றியும் இடம் இல்லை. இங்கிலாந்தில் இருக்கிற தம்பி மகன் சில படங்கள் அனுப்பியிருக்கிறார். அங்கே ஊர் மன்றமே ஆளுக்கு ஒரு துண்டு நிலம் சின்ன வாடகைக்குக் கொடுக்கிறதாம், எல்லோரும் காய்கறி போட்டுக்கொள்கிறார்களாம். “எங்கள் ஊரில் அப்படி எதுவும் இல்லை. ஏரிக்கரை ஓரம் புறம்போக்கு சும்மாதான் கிடக்கிறது. கலெக்டருக்கு மனு போட்டால் கிடைக்குமா?” என்பது கேள்வி.

மனு போடலாம் அம்மா, யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் படங்களில் இருப்பதை அங்கே அலாட்மெண்ட் என்கிறார்கள். அதற்குப் பின்னால் 1908-ல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. ஊரில் வாக்காளர்கள் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மன்றம் அதைக் கவனித்தே ஆக வேண்டும். தேவை இருக்கிறது என்று தெரிந்தால் நிலம் ஏற்பாடு செய்வது மன்றத்தின் பொறுப்பு. ஒரு முழுத் துண்டு என்பது வழக்கமாக 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அதனால் அந்த வழியை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. நமக்குப் பொருந்துகிற முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் குழுத் திட்டத்தில் உள்ள பெண்கள் நான்கு பேர் முதல் பத்து பேர் வரை குழுவாகச் சேர்ந்து, தரிசாகக் கிடக்கும் அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். நான் சொல்லப்போவதும் கிட்டத்தட்ட அதுதான்.

முதலில் உங்கள் ஏரிக்கரையைப் பார்த்துவிடலாம். அதை மறந்துவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கை ஆக்கிரமித்தால் அகற்றுவதற்கென்றே 2007-ல் தனிச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றங்களும் விடுவதில்லை. இன்றைக்குப் பாத்தி கட்டினால் நாளைக்கு ஜேசிபி வரும். “பக்கத்துத் தெருக்காரர் முப்பது வருடமாக உழுகிறாரே, பி-மெமோ கூட வைத்திருக்கிறாரே” என்பீர்கள். பி-மெமோ என்பது ஆக்கிரமிப்புக்கு அரசு போடும் அபராதச் சீட்டு. அதைப் பட்டா மாதிரி பீரோவில் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறைய.

மற்ற புறம்போக்குகளும் ஒரே வகை கிடையாது. மேய்க்கால், களம், வண்டிப்பாதை, தரிசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. எது என்ன வகை என்று விஏஓவிடம் அ-பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம், சர்வே எண் தெரிந்தால் இணையத்திலும் பார்க்கலாம். எந்த வகையானாலும் ஊராட்சித் தலைவர் தன் இஷ்டத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது, வருவாய்த் துறை சம்மதிக்க வேண்டும். அந்தக் கோப்பு நகர்வதற்குள் உங்கள் குழுவே கலைந்துபோகலாம். மேய்க்காலைக் கேட்டால் ஆடு மாடு வைத்திருப்பவர்களோடு சண்டை வரும். அவர்களும் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள்தான் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, பிறகு எங்கே தொடங்குவது? தண்ணீரில் தொடங்குங்கள். நம் தர்மபுரி மாவட்டத்தில் நிலம் கிடைத்துவிடும், தண்ணீர்தான் கிடைக்காது. ஒரு குடும்பத்துக்கு மூன்று சென்ட் என்று வையுங்கள், 120 சதுர மீட்டர். வெயில் காலத்தில் காய்கறிக்கு ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு நான்கு லிட்டராவது வேண்டும். ஆக ஒரு குடும்பத்துக்கு 480 லிட்டர், முப்பது குடத்துக்கு மேல். பதினைந்து குடும்பம் என்றால் தினம் 7,200 லிட்டர். இதை யாரும் இடுப்பில் சுமந்து ஊற்ற முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து ட்யூப் போட்டு இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் அப்போதே வாயை அடைத்துவிடுங்கள். புளோரைடு தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்டுப்போன ஊர்களுக்காக வந்த குடிநீர் அது. புறம்போக்கில் நீங்களே ஆயிரம் அடி போர் போட்டு மின் இணைப்பு வாங்குவது என்பதும் ஆகிற காரியம் இல்லை.

ஆனால் உங்கள் ஊரில் கிணறு உள்ள நிலங்கள் எத்தனை சும்மா கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள், பெரியவர்களால் உழ முடியவில்லை. நிலத்தில் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கும். மோட்டார் கொட்டாயில் இலவச மின்சார இணைப்பு அப்படியே இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த நிலம்தான். அரை ஏக்கர் போதும். பதினைந்து குடும்பத்துக்கு மூன்று மூன்று சென்ட், நாற்பத்தைந்து ஆயிற்று. மீதி ஐந்து சென்ட்டை வரப்புக்கும் எருக்குழிக்கும் விட்டுவிடுங்கள். கிணற்றை மட்டும் சித்திரையில் எட்டிப் பாருங்கள். ஐப்பசியில் எல்லாக் கிணற்றிலும்தான் தண்ணீர் இருக்கும்.

நிலத்துக்காரர் உடனே சரி என்று சொல்லமாட்டார். குத்தகைக்கு விட்டால் நிலம் திரும்பாது என்ற பயம் அவருக்கு இருக்கும். அது சும்மா வந்த பயம் இல்லை. உழுகிற குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாதபடி 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. அவரிடம் போய்ச் சட்டம் பேசாமல், பயம் போகிற மாதிரி ஒரு காகிதம் எழுதுங்கள். குழுவின் பெயர், சர்வே எண், பரப்பு, எந்தத் தேதி வரை என்று தெளிவாக இருக்கட்டும். ஓராண்டுக்கு மேல் என்றால் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அதனால் முதல் முறை பதினொரு மாதத்துக்கு எழுதி, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். வரப்பில் இருக்கிற தென்னை, மா, புளி எல்லாம் அவருக்கே என்று எழுதுங்கள். மோட்டார் காயில் எரிந்தால் யார் செலவு என்பதை மறக்காமல் எழுதுங்கள். கூட்டாகத் தண்ணீர் இறைக்கிற இடத்தில் சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். குடும்பத்துக்கு மாதம் ஐம்பது ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் காயில் கட்டுகிற நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்காது.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம்தான், சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பட்டியலை முதல் நாளே ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் சேர்த்தே எழுதுங்கள். “முதலில் நாம் தொடங்குவோம், அவர்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்” என்றால் அந்தப் பிறகு வரவே வராது. ஒரே கிணறு, ஒரே வாய்க்கால், தண்ணீர் விடும் முறையைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் இப்போதே விலகிக்கொள்ளட்டும். பாத்திகளையும் சீட்டுப் போட்டே பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாய்க்கால் தலைமாட்டில் இருக்கிற பாத்தி எல்லாம் தலைவியின் சொந்தக்காரர்களுக்குப் போய்விடும், கடைமடை யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலிக்கு உயிர்வேலி போதும். கிளுவைக் குச்சி நட்டு, அது தழைக்கும் வரை முள் வெட்டிப் போடுங்கள். ஆடு ஒரு தடவை உள்ளே வந்தால் ஒரு மாத உழைப்பு ஒரு மத்தியானத்தில் போய்விடும். காட்டை ஒட்டிய ஊராக இருந்தால் பன்றி, யானை பயமும் உண்டு. அதற்காக லைனிலிருந்து கம்பியில் கரண்ட் கொடுக்கிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி வைத்த வேலியில் மூன்று யானைகள் செத்தன, வைத்தவர் கைதானார். தோட்டத்தில் ராத்திரி தண்ணீர் கட்டப் போகிற மனிதர்களும் அப்படிக் கம்பியில் சிக்கிச் சாகிறார்கள். யானை வரும் பாதை என்றால் வாழையும் கரும்பும் போடாதீர்கள், அவ்வளவுதான்.

பயிரைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும். ஆடிப்பட்டத்தில் தொடங்கினால் மழை பாதி வேலையைச் செய்யும். வெண்டை, கத்திரி, கொத்தவரை, ஓரத்தில் அவரை. பனி இறங்க இறங்க அவரை காய்க்கும், தை வரைக்கும் குழம்புக்குக் கவலை இல்லை. எல்லோரும் தக்காளி போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் விலை சரிகிற வாரங்களில் தக்காளியை ரோட்டோரம் கொட்டுகிறார்கள், அந்தக் கூட்டத்தில் நீங்களும் போய் நிற்க வேண்டாம். இந்தத் தோட்டம் அடுப்புக்கு. மிஞ்சினால் பென்னாகரம் உழவர் சந்தை இருக்கிறது. விதை, நோய் பற்றிச் சந்தேகம் என்றால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

இப்போது மனுவுக்கு வருகிறேன். ஒரு போகம் முடியட்டும். யார் யார் பயிர் செய்தார்கள், எவ்வளவு செலவு, என்ன விளைந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. ஆடியில் போட்ட தோட்டம் ஜனவரி 26-க்கு முழுக் கணக்கோடு இருக்கும். தலைவர் பதவியில் இல்லாத காலத்தில் தனி அலுவலர் கூட்டத்தை நடத்துவார், அதனால் அதைக் காரணம் சொல்லி அனுப்பினால் திரும்பி வராதீர்கள். இன்ன சர்வே எண்ணில் உள்ள தரிசைப் பொதுத் தோட்டத்துக்கு ஒதுக்கக் கோருகிறோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு எழுதிக்கொள்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. தீர்மான நகலை வாங்கி இணைத்து, ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள். கோப்பு எத்தனை வருடம் தூங்கினாலும் பரவாயில்லை, உங்களுக்குக் காய் வந்துகொண்டிருக்கும்.

அடுத்து, காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர் மாங்கன்று பட்டுப்போவதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.