சின்ன வள்ளத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள்

முல்லைத்தீவுக் கரையில் நின்றுகொண்டு வள்ளம் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நான் பேச வந்தது கடலுக்கே போகாத, வீட்டிலும் கடையிலும் வைக்கும் சின்ன மாதிரி வள்ளங்களைப் பற்றி.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஓல்ட் டவுன் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரையே வைத்திருந்த கனூ (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய வள்ளம்) கம்பனி, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், கடை முகப்பில் வைப்பதற்கென்றே 4 அடி, 8 அடி நீளத்தில் சின்னக் கனூக்களைச் செய்தது. முழு அளவுக் கனூவை வைக்க எல்லாக் கடையிலும் இடம் ஏது? ஆனால் இவை விளையாட்டுச் சாமான் அல்ல. தண்ணீரில் இறங்கும் கனூவைப் போலவே விலா எலும்பு மாதிரி வளைத்த சட்டங்கள், மெல்லிய சீடர் பலகை, மேலே இழுத்துக் கட்டிய கான்வஸ். இன்று கிடைப்பது மிக அரிது.

அசலை எப்படி அறிவது? உள்பக்கம் பாருங்கள். அந்தக் காலத்துக் கனூவில் பித்தளை ஆணி பலகையையும் சட்டத்தையும் ஊடுருவி, கனூவைக் கட்டும்போது உள்ளே வைக்கும் அச்சின்மேல் உள்ள உலோகப் பட்டியில் மோதி, நுனி மடங்கித் திரும்பவும் மரத்துக்குள் இறங்கும். அழகுக்காகச் செய்யும் இன்றைய மலிவுப் பொம்மைகளைப் பெரும்பாலும் பசைதான் பிடித்துவைத்திருக்கும். ஒரு காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். பித்தளையில் அது ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு.

சரி, நம்மிடம் வருவோம். வன்னியில் சில வீடுகளில் அப்பு செய்த சின்ன வள்ளம் இன்னும் இருக்கிறது. 2009 இல் உடுத்த துணியோடு வந்த சனத்திடம் இது மிஞ்சியதே பெரிய காரியம். கடலிலும் பைபர் படகுதான் இப்போது. மரவள்ளம் கட்டிய கைகள் குறைந்துவிட்டன. அந்தக் கையின் உளித்தடம் இந்தச் சின்ன வள்ளத்தில் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்குப் பளபளக்கட்டும் என்று உரசி வார்னிஷ் அடித்தால் அந்தத் தடம் போய்விடும். எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலிக்கும் விஷயம் இது.

வாடைக்காற்றின் மழைக்காலத்தில் மரம் ஊறும், சோழகக்காற்றின் வறண்ட காலத்தில் காயும். வெடிப்பு அப்படித்தான் வருகிறது. வெயில் படும் யன்னலோரமும் அடுப்படியும் வேண்டாம். பொலித்தீனில் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மரத்தில் உள்ள சின்ன ஓட்டைக்குக் கீழே புதுசாக மரத்தூள் கண்டால், மரத்தை அரிக்கும் உளு உள்ளே உயிரோடு இருக்கிறது. மற்ற மரச் சாமான்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். தூசிக்கு மென்மையான தூரிகை போதும், ஈரத்துணி வேண்டாம்.

அப்புறம், செய்தவர் பெயர், எந்த மரம், எந்த ஊர் என்று ஒரு கடதாசித் துண்டில் பென்சிலால் எழுதுங்கள். வள்ளத்தில் பசை போட்டு ஒட்டாமல், பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.