மேல காஞ்ச ஆறு

வணக்கம்ங்க. சாட்ஸ்வொர்த்துல, ஃபீனிக்ஸ்ல, மாரிட்ஸ்பர்க்ல, எங்கெங்க ரேடியோ போட்டு வச்சிருக்கீங்களோ எல்லாருக்கும் வணக்கம். கரிச்சுரங்கம்னாலே நம்ம தென்னாப்பிரிக்கத் தமிழ் ஆளுங்களுக்கு டண்டீ, நியூகாசில், காந்தி காலத்து 1913 ஸ்ட்ரைக், அதுல முன்னால நின்ன தம்பி நாயுடு, இதெல்லாம் தான் ஞாபகம் வரும், வரணும் தான், ஆனா இன்னைக்கு நான் பேச வந்தது அது இல்லை. நாட்டோட வடக்கு ஓரத்துல லிம்போபோ மாகாணம், அங்க சவுட்பான்ஸ்பர்க் மலையோட வடக்கு அடிவாரம். அங்கயும் மண்ணுக்கடியில கரி இருக்கு, ஸ்டீல் உருக்குறதுக்குத் தேவையான கோக்கிங் கரி. சிகொண்டெனின்னு ஒரு சுரங்கம் ரொம்ப வருஷம் ஓடி 2014ல மூடினாங்க. மலை ஓரமாவே இன்னும் பல இடத்துல தோண்டணும்னு பேச்சு ஓடிட்டே இருக்கு.

என்1 ரோட்ல முசினா வரைக்கும் போனவங்க பாத்திருப்பீங்க. லூயி டிரிகார்ட் தாண்டி மலை ஏறுறப்ப பச்சைப்பசேல்னு இருக்கும், அப்புறம் ரெண்டு டனல் வரும், அதைத் தாண்டி கீழ இறங்கினா கொஞ்ச நேரத்துலயே பச்சை போயிடும், பாவோபாப் மரம் நிக்க ஆரம்பிச்சிடும். ஈரக்காத்து இந்தியப் பெருங்கடல் பக்கத்துல இருந்து வருது, தெக்குச் சரிவுலயே மழையைக் கொட்டிட்டு வடக்குக்கு வெறுங்கையோட வருது, அவ்வளவு தான் காரணம். நம்ம டர்பன்ல வருஷத்துக்கு சுமார் 1000 மில்லிமீட்டர், முசினாவுல 400 கூட தேறாது.

அதனால அங்க இருக்கிற ஒவ்வொண்ணும் தண்ணியைக் கணக்குப் பாத்து தான் வாழுது. பாவோபாப், நம்ம ஊர்க்காரங்க ஆனைப்புளின்னு சொல்றது, உடம்புக்குள்ளயே தண்ணி சேத்து வைக்கும். மொப்பானி மரம் உச்சி வெயில்ல ஜோடி ஜோடியா இருக்கிற இலையைச் சேத்து மடக்கிக்கும், கீழ நின்னா நிழலே கிடைக்காது. ஷெப்பர்ட்ஸ் ட்ரீன்னு ஒரு சின்ன மரம், பாத்தா ஒண்ணுமே இல்லை, அதோட வேர் கலஹாரியில 68 மீட்டர் ஆழத்துல கிடைச்சிருக்கு. 68 மீட்டருங்க!

இப்ப ஆத்துக்கு வர்றேன். நான் எங்க பேசப் போனாலும் கடைசியில ஆத்துல தான் வந்து நிப்பேன்னு வீட்ல கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும். என்கூட வேலை பாத்த, அந்தப் பக்கத்து வெண்டா இனத்து நண்பர் ஒருத்தர், அவர் ஊரு அந்த அடிவாரம் தான். ஆகஸ்ட்ல போயிருந்தோம், வெறும் மணல், ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அவங்க அம்மா ஒரு வாளியும் எனாமல் மக்கும் எடுத்துட்டு ஆத்துக்குள்ள நடந்து போனாங்க, நாங்களும் பின்னாடியே. ஒரு இடத்துல குனிஞ்சு கையாலயே தோண்டினாங்க, முழங்கை ஆழம் இருக்கும், ஊறிச்சு. முதல்ல வந்த கலங்கல மொண்டு வெளிய ஊத்திட்டு சும்மா உக்காந்துட்டாங்க. நான் ஏதோ கேக்கப் போனேன், நண்பர் பேசாம இருன்னு சொன்னார். கொஞ்ச நேரத்துல கண்ணாடியா தண்ணி. குடிச்சேன், ஜில்லுனு இருந்துச்சு. எங்க தாத்தா வழியில ஊத்துத் தோண்டுற கதை எல்லாம் கேட்டிருக்கேன், கண்ணால பாத்தது அங்க தான். அன்னைக்கு ராத்திரி அந்தம்மா மொப்பானிப் புழுவை, அவங்க மஷொன்ஜான்னு சொல்றாங்க, தக்காளி வெங்காயம் போட்டு வதக்கி வச்சாங்க, கருவாடு மாதிரி மொறுமொறுன்னு. எங்க வீட்டம்மா தட்டையே தொடல. சரி, அது வேற கதை.

யானையும் இதே வேலை தான் பண்ணும். காஞ்ச ஆத்து மணலைக் காலால கிளறி, துதிக்கையை விட்டுக் குடிச்சிட்டுப் போயிடும், அப்புறம் அந்தக் குழியில பபூன் வரும், இம்பாலா வரும். கரையில நிக்கிற அத்தி மரமும் அந்த மணல் தண்ணியை நம்பித் தான் நிக்குது. ஆறு மேல தான் காஞ்சிருக்கு, கீழ காயல. திரும்பச் சொல்றேன், கீழ காயல.

சுரங்கத்துல என்ன நடக்குது? குழி நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழ போனதும் சுத்திலும் இருந்து தண்ணி கசிஞ்சு உள்ள வரும். கரி எடுக்கணும்னா பம்ப் போட்டு இறைச்சுக்கிட்டே இருக்கணும், ராத்திரி பகலா. இறைக்க இறைக்க சுத்துவட்டாரத்துல மட்டம் இறங்கும், முதல்ல போர்ஹோல், அதான் ஆழ்துளைக் கிணறு, வத்திப்போகும், அப்புறம் மரம் பட்டுப்போகும். மரத்துக்கு அது உடனே தெரியாது, வருஷக்கணக்கு ஆகும், அதுக்குள்ள காரணம் கேட்டா வறட்சின்னு சொல்லிடுவாங்க. ஆறே காஞ்சு தானே கிடக்கு, கெட்டுப்போக என்ன இருக்குன்னு கேக்குறவங்களைப் பாத்தா எனக்கு வர்ற கோவம் இருக்கே!

கரியோட பைரைட்னு ஒரு கந்தகக் கல் கலந்திருக்கும். காத்தும் தண்ணியும் பட்டா அமிலமா மாறும், ஆத்துத் தண்ணி ஆரஞ்சு கலருக்குப் போகும். ஈமலாஹ்லெனி பக்கம், பழைய விட்பேங்க், அங்க சுரங்கத் தண்ணியைச் சுத்தம் பண்றதுக்குன்னே 2007ல பெரிய பிளாண்ட் வச்சாங்க.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க. மூடின பிறகு நிலத்தை எப்படித் திருப்பிக் கொண்டு வர்றதுன்னு தனியா எழுதி வச்சிருந்தேன், போச்சு. வேகமாச் சொல்லிடறேன், மேல்மண்ணைத் தனியா எடுத்து வைக்கணும், விதை எல்லாம் அதுல தான் இருக்கு, மலையாக் குவிச்சு வருஷக்கணக்குல போட்டு வச்சா செத்துப்போகும். பாவோபாப், மருலா, ஷெப்பர்ட்ஸ் ட்ரீ மூணும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம், லைசென்ஸ் இல்லாம வெட்டக் கூடாது. அந்தப் பக்கம் சொந்தக்காரங்க, கடைக்காரங்க யாராவது இருந்தா பப்ளிக் மீட்டிங்குக்குப் போகச் சொல்லுங்க, போய் தினமும் எவ்வளவு தண்ணி இறைப்பீங்க, எங்க போர்ஹோல் மட்டத்தை யாரு அளப்பாங்கன்னு கேக்கச் சொல்லுங்க, பதிலை எழுதி வாங்கச் சொல்லுங்க. டைம் ஆயிடுச்சுங்க, வர்றேன், வணக்கம்.