கோலார் தங்கவயல்: சுரங்கத்துக்காகக் கட்டிய ஊர்

[திரையில்: கே.ஆர். மார்க்கெட், இரவு. தெருவிளக்குகள்.]

1905 ஆகஸ்ட் 5. இன்றைய கே.ஆர். மார்க்கெட் பக்கம் பெங்களூரின் முதல் மின்சாரத் தெருவிளக்குகள் எரிந்தன. ஆனால் அந்த மின்சாரம் முதலில் பெங்களூருக்காக வந்ததல்ல. காவிரிக் கரையில் சிவசமுத்திரத்தில் உற்பத்தியாகி, 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி, 1902 ஜூன் 30 அன்று கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது. பெங்களூருக்கு வெளிச்சம் கிடைத்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் தங்கவயலின் கதை முழுக்கப் புரியும். அங்கே வந்த மின்சாரம், தண்ணீர், ரயில், வீடு எல்லாமே சுரங்கத்தின் தேவைக்காக வந்தவை. ஊர் அதிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டது.

[திரையில்: லாவெல் சாலை பெயர்ப்பலகை. பிறகு வரைபடம்.]

பெங்களூரில் நம்மில் பலர் தினமும் கடக்கும் லாவெல் சாலையின் பெயர், மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் ராணுவ வீரருடையது. பெங்களூர் கண்டோன்மென்டில் குடியிருந்த அவர் 1875-ல் கோலாரில் சுரங்க உரிமை வாங்கினார். ஆழத் தோண்டும் அளவுக்கு அவரிடம் பணம் இல்லை. 1880-ல் லண்டனின் சுரங்க நிறுவனமான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்த பிறகுதான் வேலை சூடு பிடித்தது. 1894-ல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை வந்தது.

[திரையில்: சாஃப்டின் குறுக்குவெட்டுப் படம்]

மின்சாரம் ஏன் அவ்வளவு அவசரம்? ஆட்கள் இறங்கும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் வைண்டர், தண்ணீர் இறைக்கும் பம்பு, துளையிடும் கருவிக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் எல்லாம் அதுவரை நீராவியில் ஓடின. நிலக்கரி வெகுதூரத்திலிருந்து வர வேண்டும், விறகுக்குச் சுற்றுக் காடுகள் அழிந்தன. சுரங்கம் ஆழம் போகப் போகச் செலவு ஏறியது. அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை முன்னின்று நடத்திய மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் 1901-லேயே காலமாகிவிட்டார்.

ஆழம் என்றால் எவ்வளவு? சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் சுமார் 3.2 கிலோமீட்டர் இறங்கியது. ஒரே கயிற்றில் அவ்வளவு தூரம் போகவில்லை, நீளம் கூடக் கூட எஃகுக் கயிற்றின் சொந்த எடையே பெரும் பாரமாகிவிடும். எனவே ஒரு சாஃப்டில், அதாவது செங்குத்தான சுரங்கக் குழியில், இறங்கி, நடந்து, அடுத்த சாஃப்டில் மறுபடி இறங்க வேண்டும். அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை உள்ளே செலுத்தினால்தான் ஆள் நிற்க முடியும்.

வெப்பத்தைவிடப் பயங்கரம் பாறை வெடிப்பு. தங்க ரேகையை வெட்டி எடுத்ததும் அங்கே வெற்றிடம் உண்டாகிறது. மேலுள்ள பாறையின் பாரம் முழுக்க மிச்சமிருக்கும் தூண்களில் இறங்குகிறது. தாங்கும் எல்லை தாண்டினால் தூண் மெதுவாக நொறுங்காது, வெடித்துச் சிதறும். மேலே ஊரில் வீட்டுச் சுவர்களே விரிசல் விடும். முதலில் மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். மரம் பாரத்தில் நசுங்கும், தீப்பிடிக்கும். பிறகு கிரானைட் கற்களைச் செதுக்கி இடைவெளி இல்லாமல் அடுக்கினார்கள், அதற்கும் பிறகு கான்கிரீட் நிரப்பினார்கள். வெடிப்பு குறைந்தது, நிற்கவில்லை.

[திரையில்: ஸ்டாம்ப் மில், சயனைடு தொட்டி]

மேலே வந்த கல்லை ஸ்டாம்ப் மில் இடித்தது, உரலில் உலக்கை விழுவது போல இரவும் பகலும். பொடியைப் பாதரசம் பூசிய செம்புத் தகட்டின் மேல் ஓடவிட்டால் தங்கம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் தப்பிய நுண்துகளுக்குத்தான் சயனைடு. நீர்த்த சயனைடு கரைசலும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து தங்கத்தைக் கரைக்கும். கரைசலில் சுண்ணாம்பு போதாமல் போனால் நச்சு வாயு கிளம்பும், சயனைடும் வீணாகும். அதனால் சுண்ணாம்பின் அளவைக் கவனிப்பது உயிர்ப் பிரச்சினை. கரைந்த தங்கத்தைத் துத்தநாகம் போட்டு மறுபடி படிய வைப்பார்கள்.

தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் சுமார் 3 கிராம்.

[திரையில்: லைன் வீடுகள்]

இறங்கி வெட்டியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துத் தமிழர்கள், அதிலும் தலித் மக்கள் மிகுதி. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு பங்களா, கிளப். தொழிலாளிக்கு மூங்கில் தட்டி வீடு, பிறகு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை லைன் வீடு. வறண்ட துளையிடலில் பறந்த சிலிகா தூசி பலரின் நுரையீரலை அரித்தது. அந்த வாழ்க்கைக்குள்ளேயே தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கிளை இயங்கியது. அவர் மறைந்தபின், அவர் நடத்திய 'தமிழன்' இதழ் 1920-களில் தங்கவயலிலிருந்து மறுபடி வந்தது. கம்பெனி கட்டித்தராத ஒன்றை மக்களே கட்டினார்கள் என்றால், எங்கள் பார்வையில் அது இதுதான்.

[திரையில்: மாரிக்குப்பம் ரயில் நிலையம், அதிகாலை]

1956-ல் மாநில அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கத்தை எடுத்துக்கொண்டன. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. பம்புகள் நின்றதும் சாஃப்டுகளில் தண்ணீர் ஏறியது. அதை வெளியேற்றாமல் ஆழத்துக்கு மறுபடி இறங்க வழியில்லை. வேலை போனவர்களின் பிள்ளைகள் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். சுரங்கத்துக்காகப் போட்ட அதே கிளைப் பாதைதான் இது.

மிச்சமிருப்பவை சயனைடு மேடுகள், தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவுமண் குவியல்கள். 2024-ல் 1,003 ஏக்கரில் பரவிய 13 மேடுகளில் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. டன்னுக்கு ஒரு கிராம் அளவில்தான் கிடைக்கும் என்கிறார்கள். மாவு போன்ற அந்த மண்ணைக் கிளறினால் காற்றடிக்கும் திசையிலுள்ள லைன் வீடுகளுக்குள் தூசி போகும். எனவே ஒப்பந்தத்தில் டன் கணக்கோடு சேர்த்து, எத்தனை லாரி தண்ணீர் தெளிப்பார்கள், தூசியை எங்கெங்கே அளப்பார்கள், வேலையில் எத்தனை பேர் உள்ளூர்க்காரர்கள் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.