70,000 எப்படி 29 கோடி ஆனது?

நேயர்களே, வணக்கம். ஃபோர்த் என்ற நிரல் மொழியை நான் கற்கத் தொடங்கிய புதிதில், நிரல் நன்றாக ஓடியது, பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை, ஆனால் 70,000 வரவேண்டிய இடத்தில் 29,25,52,705 வந்து நின்றது.

ஃபோர்த் சார்லஸ் மூர் உருவாக்கிய மொழி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் தொலைநோக்கியையே இதை வைத்துத்தான் இயக்கினார்கள். இதில் கழுவிய தட்டுகள் மாதிரி எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். கூட்டல் குறி வந்தால் மேலே இருக்கிற இரண்டையும் எடுத்துக் கூட்டி, விடையை அதே இடத்தில் வைத்துவிடும்.

16 பிட் இயந்திரத்தில், அதாவது எண்களை 16 இரும இலக்கங்களாக வைக்கிற கணினியில், அந்த அடுக்கின் ஓர் அறை 65,535 வரைதான் தாங்கும். அதனால் 70,000 இரண்டு அறை பிடிக்கும்: கீழே 4,464, மேலே 1. அந்த 1 என்பது ஒரு 65,536, கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். ஆனால் இரண்டும் ஒரே எண்ணின் பாதிகள் என்பது அடுக்குக்குத் தெரியவே தெரியாது, அது நமக்குத்தான் தெரியும். இரண்டு பெரிய எண்களை இடம் மாற்ற டூ ஸ்வாப் என்று எழுதவேண்டிய இடத்தில் நான் வெறும் ஸ்வாப் எழுதிவிட்டேன், அது மேலே இருக்கிற இரண்டு அறைகளை மட்டும் மாற்றும், அதனால் மேலே இருந்த எண்ணின் பாதிகளைப் புரட்டிப் போட்டுவிட்டது. கீழே 1, மேலே 4,464 என்றானது, அதுதான் அந்த 29 கோடி.

ஜாவா மொழி நிரல்களை ஓட்டுகிற ஜாவா மெய்நிகர் இயந்திரத்திலும் லாங், டபுள் என்ற 64 பிட் எண் வகைகள் இரண்டுக்கும் அடுக்கில் இரண்டு இடம்தான், ஆனால் அங்கே பாதியாக உடைத்தால் சரிபார்க்கும்போதே நிரலைத் தள்ளிவிடும். இணைய உலாவிகளில் ஓடுகிற வெப்அசெம்பிளி என்ற நிரல் வடிவத்தில் 32 பிட்டோ 64 பிட்டோ, ஒரு மதிப்புக்கு ஒரே இடம், கூட்டல் கட்டளைதான் வேறுவேறு.

இருந்தாலும் என் மனதுக்குப் பிடித்தது ஃபோர்த்தின் ஸ்டார் ஸ்லாஷ்தான், பெருக்கி உடனே வகுக்கிற கட்டளை அது. தசமப் புள்ளி இல்லாமல் 10,000ஐ வட்டத்தின் பை மதிப்பால், அதாவது சுமார் 3.14159ஆல், பெருக்க வேண்டுமா, 355ஆல் பெருக்கி 113ஆல் வகுத்தால் போதும். நடுவில் வரும் 35,50,000 ஓர் அறைக்குள் அடங்காது, அதை மட்டும் இரண்டு அறை அகலத்தில் வைத்துக்கொண்டு உடனே வகுத்து, 31,415 என்று ஒரே அறையில் கொடுத்துவிடும். எவ்வளவு அழகான வேலை!

வீட்டில் கணினி இருந்தால் இலவசமாகக் கிடைக்கிற ஜிஃபோர்த் என்ற ஃபோர்த் மென்பொருளை நிறுவி, 7 என்று எழுதி அதை ஒட்டி ஒரு புள்ளி வையுங்கள், புள்ளி வைத்தால் அதை இரண்டு அறை எண்ணாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் அடுக்கைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு அறை நிரம்பியிருக்கும், கீழே 7, மேலே 0.