தோல் ஷூ போட்டுப் பந்தயம் ஓட்டியவர்

வணக்கம் நேயர்களே. கார் பந்தயம் என்றாலே யார் ஜெயித்தார் என்றுதான் கேட்போம். நான் பேச வந்திருப்பது 883 பந்தயம் ஓட்டி, அதில் ஐந்தே ஐந்து ஜெயித்த டேவ் மார்சிஸைப் பற்றி. அமெரிக்காவில் விஸ்கான்சின்காரர். நாஸ்கார் என்கிற, சாதாரணக் கார் தோற்றத்தில் உள்ள கார்கள் ஓடும் ஸ்டாக் கார் பந்தயத்தில் 1968 முதல் 2002 வரை ஓட்டியவர்.

முதலில் அவர் ஷூவைச் சொல்கிறேன். மற்றவர்கள் பந்தய ஷூ போடும்போது, இவர் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி பளபளவென்று தோல் ஷூ போட்டுக்கொண்டு காரில் ஏறுவார். காரணம் இருக்கிறது. அந்தக் கார்களில் சூடான புகை போகும் எக்ஸாஸ்ட் குழாய் தரைத்தகட்டுக்கு அடியிலேயே போகிறது, மூன்று நான்கு மணி நேரம் ஓட்டினால் தகடு தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும், கெட்டியான தோல் அடிதான் பாதத்தைக் காப்பாற்றும்.

1975இல் நல்ல அணி அமைந்தபோது அந்த வருஷப் புள்ளிப் பட்டியலில், சாம்பியன் ரிச்சர்ட் பெட்டிக்கு அடுத்து இரண்டாம் இடம், மறு வருஷம் மூன்று வெற்றி. அப்புறம் சொந்த அணி வைத்தார். சொந்த அணி என்றால், இந்த வாரப் பரிசுப் பணத்தில்தான் அடுத்த வார டயர், அதனால் காரை இடிக்காமல் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவருவதே பெரிய வித்தை. அந்தக் கைநிதானத்தை ஊரே அறிந்திருந்தது. நாஸ்காரின் பெரிய சாம்பியன் டேல் ஏர்ன்ஹார்ட் ஓட்டிய அணியே தன் கார்களைச் சோதித்துப் பார்க்க இவரைக் கூப்பிட்டது.

1982, ரிச்மண்ட் பந்தயக் களம். மழை வரப்போகிற நேரம், முன்னால் போனவர்கள் டயர் மாற்ற, பிட் என்கிற ஓரத்துப் பழுதுபார்க்கும் இடத்துக்குள் நுழைந்தார்கள், இவர் மட்டும் உள்ளே போகாமல் தேய்ந்த டயரோடு ஓட்டிக்கொண்டே இருந்தார். மழை கொட்டியது, 400 சுற்றுப் பந்தயம் 250இல் நின்றது, முன்னால் இருந்தது இவர், வெற்றியும் இவருக்கே! அதிர்ஷ்டம் என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதன் பிறகு இருபது வருஷம் ஒரு வெற்றியும் இல்லை. இருந்தும் நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேட்டோனா 500இல் 1968 முதல் 1999 வரை ஒரு வருஷம்கூட விடாமல் 32 தடவை ஓட்டினார். 2000, 2001 இரண்டிலும் தகுதிச் சுற்றில் தேறாததால் இடம் கிடைக்கவில்லை. சரி, முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2002இல், 61 வயதாக இரண்டு வாரம் இருக்கும்போது, மறுபடி தகுதி பெற்றுக் களத்தில் நின்றார். அதுதான் அவருடைய கடைசிப் பந்தயம், என்ஜின் பாதியிலேயே போய்விட்டது. ஆனால் அந்த இடத்தை யாரும் மரியாதைக்காகக் கொடுக்கவில்லை, அவரே ஓட்டி வாங்கினார்.